மழையை அளப்பது தேயிலைக்கு மட்டும்தானா?



பெரும்பாலான தோட்டங்களில் மழைமானி ஒன்று இருக்கிறது. ஆபீஸ் பக்கத்திலோ ஸ்டோர் பக்கத்திலோ வைத்திருப்பார்கள். காலையில் போய்ப் பார்த்து, எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்று ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வழக்கம் இது. எப்போது உரம் போடலாம், எப்போது கவ்வாத்து வெட்டலாம், எந்த மலையில் எப்போது கொழுந்து வரும் என்று கணக்குப் பார்க்க நிர்வாகத்துக்கு அந்தப் புத்தகம் வேண்டும்.

அதே மழை லயத்துக் கூரையிலும் பெய்கிறது. லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டுக்குள்ளும் இறங்குகிறது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கணக்கு யாருக்கும் விளங்கக்கூடியது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

அப்படியானால் நம் உயிரைக் காக்கும் எண் தோட்டத்து ஆபீசிலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஆபீசிலிருந்து லயத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத் தூரத்தைக் கடந்து அந்த எண் நம்மிடம் வந்து சேர்வதில்லை. பிரட்டில் எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள், எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். நேற்று இரவு எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று எந்தத் தோட்டத்துப் பிரட்டிலாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான், அரசாங்கமும் அரச சார்பற்ற நிறுவனங்களும் கைகோர்த்து நடத்தும் காலநிலைத் திட்டங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கைகோர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை

காலநிலை மாறிவிட்டது என்பதை நமக்கு யாரும் செயலமர்வு வைத்துச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை வர வேண்டிய மாதத்தில் வெயில் கொளுத்துகிறது. வெயில் அடிக்க வேண்டிய மாதத்தில் வானம் உடைந்து கொட்டுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டு வந்த மழையில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் முன்னால் நிற்கின்றன. அந்த மாவட்டங்களில் மலைச்சரிவில் வாழ்கிறவர்கள் யார் என்பது நாட்டுக்கே தெரியும்.

இந்த நிலையில் அரசாங்கம் தனியாக எல்லாம் செய்துவிட முடியாது. வெளிநாட்டு நிதி வேண்டும், நிபுணர்கள் வேண்டும், கிராமம் கிராமமாக இறங்கி வேலை செய்யும் அமைப்புகள் வேண்டும். அனர்த்த காலத்தில் அரிசி, பருப்பு, பால்மா, பாய், போர்வை சுமந்து வந்த இளைஞர்களையும் தொண்டு நிறுவனங்களையும் நாம் மறக்கவில்லை. அந்தக் கைகளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறோம்.

திட்டங்களுக்கும் குறைவில்லை. காலநிலை மாற்றத்தின் தாக்கங்களுக்கு நாடு தன்னை எப்படி இசைவாக்கிக்கொள்வது என்று 2016 முதல் 2025 வரைக்கும் ஒரு தேசியத் திட்டம் எழுதப்பட்டது. 2020இல் பசுமைக் காலநிலை நிதியம் நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய பிரதேசத்துக்கு ஒரு பெரிய திட்டத்தை அங்கீகரித்தது. அரசாங்கத்தின் பங்கையும் சேர்த்தால் அதன் மதிப்பு ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் அமெரிக்க டொலர். நிதியத்தின் பணம் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் ஊடாக வருகிறது. அரசாங்கமும் இலாப நோக்கமற்ற அமைப்பும் சேர்ந்து செய்யும் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சிறு விவசாயிகளோடு சேர்த்து "பெருந்தோட்டச் சமூகங்கள்" என்று அந்தத் திட்டத்தின் பெயரிலேயே நாமும் இருக்கிறோம்.

பெயரில் இடம் கிடைத்தது நல்லது. மேசையில் நமக்கு நாற்காலி எங்கே? திட்டம் எழுதும்போது அமைச்சு இருக்கிறது, நிறுவனம் இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார். தோட்டக் கம்பனியின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது என்பதால் கம்பனியும் இருக்கிறது. தொழிலாளியும் அவருடைய சங்கமும் வருவது கடைசியில். அப்போது நம் பெயர் "பயனாளி". வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு, மரக்கன்று வாங்கி, படத்துக்கு நிற்பதோடு நம் பங்கு முடிந்துவிடுகிறது.

மீரியபெத்தையில் தெரியாமல் போனது எது?

இதை வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. மேசையில் யார் இல்லையோ அவர்களுடைய தேவை திட்டத்திலிருந்து விழுந்துவிடும். அதற்கு மீரியபெத்தையே சாட்சி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று யாருக்கும் தெரியாமல் நடந்ததா? 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆய்வு நடந்திருந்தது, கடிதம் போயிருந்தது. நிபுணர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள்.

"இங்கே இருக்காதீர்கள்" என்று சொல்ல ஆள் இருந்தது. "அங்கே போய் இருங்கள், அந்தக் காணி உங்களுடையது" என்று சொல்ல ஆள் இல்லை. நாடு பார்த்த அந்த மண்சரிவின் வேர் இதுதான். உயிர் பிழைத்தவர்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் தங்க வைக்கப்பட்டார்கள். புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆனது. 2023 மார்ச்சில் அதே மலைப்பக்கத்தில், பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடியும் மண் சரிந்து லயங்கள் சேதமாயின. 2025இல் நடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

எச்சரிக்கைக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நிற்பது காணி. எந்த நாட்டுப் பணம் வந்தாலும், எந்த நிறுவனம் வந்தாலும், எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும், அந்த ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

காணி யாருடையது?

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தமாயின. 1992இல் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி மட்டும் குத்தகைக்குத்தான் போனது. அதாவது பெரும்பாலான தோட்டங்களில் நம் லயத்துக்குக் கீழே இருக்கும் மண் இன்றைக்கும் அரசாங்கத்தின் மண்.

அரசாங்கமே காணிக்குச் சொந்தக்காரர். அதே அரசாங்கம்தான் காலநிலைத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் பங்காளி. ஒரு கையில் உலகத்திடம் நிதி கேட்கிறது, மறு கையில் காணிப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

இன்னொரு கதையும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவினால் பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாமல் இருந்தது. நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, நம் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டக்கூடத் தயங்கி நின்றது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடமாகச் சபைக்கு வெளியே வைக்கப்பட்ட சமூகத்தில் கானும் பாலமும் பாதையும் எப்படி இருக்கும்? அந்த முப்பது வருடக் கடனையும் சேர்த்துத்தான் இப்போது மழை வசூலிக்கிறது.

காணியைத் தொட முடியாத திட்டம் என்ன செய்யும்? காணி தேவைப்படாத வேலைகளைச் செய்யும். விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கும். தண்ணீர்த் தாங்கி வைத்துப் பெயர்ப்பலகை மாட்டும். வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று விதைப் பக்கற் கொடுக்கும். லயத்து வாசலில் நாலு முழ இடத்தில் என்ன தோட்டம் செய்வது? அந்த நாலு முழமும் நாளைக்கு யாருடையது? விதை கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. விதையோடு மண்ணையும் கேட்க வேண்டிய இடத்தில் அவர் வாய் திறக்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. கேட்டால் தோட்டத்துக்குள் நுழையும் அனுமதி போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தின் விலையைக் கொடுப்பது நாம்.

காணி விடுவிக்கப்பட்டால் காரியம் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. காணி ஒதுக்கிய இடத்தில் தனி வீடு எழுந்தது, உதவி நிறுவனங்களும் சேர்ந்து உழைத்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கு அடிக்கல் நாட்டவே 2024 ஆனது. அறிவித்த மேடைக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் எத்தனை மழைக்காலம் போனது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

மேலிருந்து வந்த பசுமை

"நிலைபேறான அபிவிருத்தி" என்ற சொல்லை நாம் ஏற்கனவே ஒரு தடவை ருசி பார்த்திருக்கிறோம். 2021இல் ஒரு நாள் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நாடு முழுவதும் ஒரேயடியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுகிறது என்றார்கள். அதே வருடம் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டுக்குப் போன அன்றைய ஜனாதிபதி அதைப் பெருமையாகப் பேசினார். உலக மேடையில் கைதட்டல்.

தேயிலைத் தூருக்குக் கைதட்டல் கேட்காது. உரம் இல்லாமல் கொழுந்து குறைந்தது. 2021இல் 29 கோடியே 90 இலட்சம் கிலோ அளவில் இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, உரத் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அடித்த 2022இல் 25 கோடியே 20 இலட்சம் கிலோ அளவுக்கு விழுந்தது. பத்திரிகையில் இது ஏற்றுமதி நட்டம் என்று வந்தது. நம் வீட்டில் இது அரைப் பேராக வந்தது. செடியில் கொழுந்து இல்லை, கேட்கும் கிலோ மட்டும் குறையவில்லை. பகல் முழுவதும் நின்று பறித்துவிட்டு அரை நாள் சம்பளத்தோடு வீட்டுக்குப் போன பெண்களிடம் கேளுங்கள், அந்தப் பசுமைக் கொள்கையின் செலவை யார் கொடுத்தார்கள் என்று.

சேதன உரத்துக்கு நாம் எதிரி இல்லை. மருந்து அடித்துத் தோல் வெடித்தவர்களும் மூச்சு முட்டியவர்களும் நம் ஆட்கள்தான். மண்ணுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றால் முதலில் சந்தோஷப்படுவது நாமே. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் அந்த முடிவு எடுக்கப்பட்டது. "கொழுந்து குறையும் மாதங்களில் தொழிலாளியின் சம்பளத்துக்கு என்ன ஏற்பாடு?" அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் மேசையில் இல்லை.

இசைவாக்கம் என்றால் கான் வெட்டு

திட்ட அறிக்கைகளில் பெரிய சொற்கள் வருகின்றன. இசைவாக்கம், தாங்குதிறன், இயலளவு விருத்தி. தோட்டத்துப் பாஷையில் இவற்றுக்கெல்லாம் ஒரு சொல் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது: கான் வெட்டு.

மலைச்சரிவில் தண்ணீர் வேகமாக ஓடினால் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். போக வழி இல்லாமல் நின்றால் மண்ணுக்குள் இறங்கி மலையையே தளர வைக்கும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டித் தண்ணீரை மெதுவாக நடத்தி, பெரிய கானில் சேர்த்து, ஓடைக்கு இறக்க வேண்டும். கானுக்குள் இடையிடையே மண் தங்கக் குழி வேண்டும். தங்கும் மண்ணை அள்ளி மேலே போட வேண்டும். கல்லுக்கட்டு உடைந்தால் கட்ட வேண்டும். வெறுமையான இடத்தில் புல்லு நட வேண்டும், நிழல் மரம் வைக்க வேண்டும். 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனைகளும் இதைத்தான் சொல்கின்றன. நம் பாட்டன்மார் கையில் மண்வெட்டியோடு இதைத்தான் செய்தார்கள்.

இன்றைக்கு எத்தனை மலையில் கான் ஒழுங்காக இருக்கிறது? செலவைக் குறைக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் முதலில் வெட்டுப்படுவது கான் வெட்டும் வேலைதான். கொழுந்து இன்றைக்குக் காசு தரும், கான் பத்து வருடம் கழித்து வரும் மழைக்குத்தான் பதில் சொல்லும். குத்தகைக் கணக்கில் பத்து வருடம் கழித்து வரும் மழைக்கு இடம் இல்லை. மேலே மலையில் கான் மூடினால் கீழே லயத்துக்குத் தண்ணீர் வருகிறது, அதற்கும் கீழே நீர்த்தேக்கத்துக்கு மண் போகிறது. காசல்ரீயும் மவுசாக்கலையும் கொத்மலையும் நாட்டுக்கே மின்சாரம் தருகிற நீர்த்தேக்கங்கள். தோட்டத்துக் கான் தூர்ந்தால் கொழும்பில் எரியும் விளக்குக்கும் அது சேதம். அதனால்தான் இது தோட்டத்துக்குள்ளே முடிகிற பிரச்சினை இல்லை, தேசத்தின் பிரச்சினை என்கிறோம்.

காலநிலை நிதி வந்தால் அதில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்துக் கான் வெட்டுவது, கல்லுக்கட்டுவது, மரம் நடுவது. வறட்சியில் கொழுந்து இல்லாமல் வேலை நாள் குறையும் மாதங்களில் இந்த வேலையைக் கொடுத்தால் மலையும் பிழைக்கும், அடுப்பும் எரியும். இதற்கு வெளிநாட்டிலிருந்து புதுக் கருவி இறக்க வேண்டாம். மண்வெட்டியும் முள்ளும் நம்மிடம் இருக்கின்றன, வேலை தெரிந்த கையும் இருக்கிறது.

அவர்கள் சொல்லும் பதில்கள்

கம்பனி சொல்லும்: "உற்பத்திச் செலவு கூடிவிட்டது, எங்களால் முடியாது." மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற நட்டத்தைத் தாங்க முடியாது என்று கம்பனி சொல்லும்போது, அந்த நட்டத்தை ஒரு கொழுந்துக் கூடைக்காரி தாங்குவாள் என்று அர்த்தம். 2021இல் கூட்டு ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. எத்தனை கிலோவுக்கு முழுப் பேர் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு சட்டம். காலநிலையின் ஆபத்து முழுவதையும் இப்படி அரைப் பேராக மாற்றித் தொழிலாளியின் தலையில் வைத்துவிட்டு, ஏற்றுமதிப் பெட்டியில் மட்டும் "நிலைபேறான தேயிலை" என்று முத்திரை குத்துவது எந்த நியாயம்?

நிறுவனங்கள் சொல்லும்: "காணிச் சட்டத்தை மாற்றுவது எங்கள் வேலை இல்லை." சரி, மாற்ற வேண்டாம். ஆனால் நிதி கொடுப்பவருக்கு எழுதும் அறிக்கையில் உண்மையை எழுதுவது உங்கள் வேலை. "இந்தக் குடும்பங்களுக்குக் காணி இல்லாததால் நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்ய முடியவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். நூறு செயலமர்வின் படங்களைவிட அந்த ஒரு வரி அரசாங்கத்தை அசைக்கும்.

அரசாங்கம் சொல்லும்: "எல்லாம் படிப்படியாக நடக்கும்." படி ஏறுகிறவருக்கு அது சரி. மண்மேட்டுக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அடுத்த பருவமழைதான் தவணை.

இன்னும் சிலர் சொல்வார்கள்: "சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், சுற்றாடலை நிபுணர்கள் பேசட்டும்." மண் சரிந்தால் முதலில் போவது யார்? மழையில் ஊறிக்கொண்டே கொழுந்து பறிப்பது யார்? வறட்சியில் பீலித் தண்ணீர் வற்றினால் குடத்தோடு நடப்பது யார்? இந்தச் சமூகத்துக்குச் சம்பளமும் சுற்றாடலும் வீடும் ஒரே பிரச்சினை. அதைப் பிரித்துப் பேசுவது, பிரித்தவருக்கு மட்டும் வசதி.

நாம் கேட்பது

ஒன்று. தோட்டத்தில் எடுக்கப்படும் மழை அளவு தினமும் காலையில் பிரட்டில் வாசிக்கப்பட வேண்டும். பிள்ளைக்காம்பராவிலும் கோயிலடியிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். மழைமானி இல்லாத தோட்டத்துக்கு அதைக் கொடுப்பது திட்டங்களின் முதல் வேலையாக இருக்கட்டும். கொட்டும் இரவில் மழைமானியைப் பார்த்து லயங்களுக்குச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்குக் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டு. ஆபத்தான இடம் என்று அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு லயத்தின் பெயரும் அந்தத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். அறிக்கை கச்சேரி அலுமாரியில் தூங்கக் கூடாது. அந்த லயங்களுக்கே முதலில் பாதுகாப்பான இடத்தில் காணியும், குடும்பத்தின் பெயரில் உறுதியும். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும்.

மூன்று. கடும் மழையிலும் வறட்சியிலும் இழக்கும் வேலை நாளுக்குச் சம்பளப் பாதுகாப்பு வேண்டும். கொழுந்து இல்லாத காலத்தில் கிலோ அளவு குறைக்கப்பட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் வேலைக்கு வரவில்லை என்று யாருடைய பேரும் வெட்டப்படக் கூடாது.

நான்கு. தோட்டப் பிரதேசத்துக்கு வரும் காலநிலை நிதியில் கான், கல்லுக்கட்டு, மரநடுகை வேலைக்கு ஒரு பங்கு ஒதுக்கி, அதைத் தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும்.

ஐந்து. திட்டத்தைத் தீர்மானிக்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்ற கணக்கு தமிழில், தோட்டத்து அறிவிப்புப் பலகையில் வர வேண்டும்.

இந்த ஐந்தில் எதுவும் பிச்சை இல்லை. முதலாவதற்கு ஒரு காகிதமும் ஒரு பேனையும் போதும். அதைக்கூடச் செய்ய மறுப்பவர்கள் "முன்னெச்சரிக்கைக் கட்டமைப்பு" பற்றிப் பேசுவதை நாம் எப்படி நம்புவது?

நாளை காலையிலிருந்து

தலைவர்மாரே, மாதர் சங்கத் தலைவிமாரே, கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை காலைப் பிரட்டில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நேற்று எத்தனை மில்லிமீற்றர்?" பதில் சொன்னால் குறித்து வையுங்கள். சொல்ல மறுத்தால் அதையும் திகதி போட்டுக் குறித்துச் சங்க ஆபீசுக்கு அனுப்புங்கள். படிக்கிற பிள்ளைகள் லயத்துக்கு ஒருவர் அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வரட்டும்.

எண்ணை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், திடீரென்று கிளம்பும் ஊற்று, ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நிற்கும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர், இவற்றில் எதைக் கண்டாலும் மழை அளவு என்னவென்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் 117 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். பொருள் போனால் போகட்டும்.

திட்ட வாகனம் தோட்டத்துக்கு வந்தால் மரியாதையாக வரவேற்று, தேத்தண்ணீர் கொடுத்து, மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் திட்டத்தில் எங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு பணம்? அதை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானித்த கூட்டத்தில் எங்களில் யார் இருந்தார்? திட்டம் முடியும்போது எங்கள் கையில் காணியாகவோ வேலையாகவோ என்ன மிஞ்சும்? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. உட்கார்ந்து பதில் சொல்லும், நம்மோடு சேர்ந்து அரசாங்கத்திடமும் கேட்கும். அப்படிப்பட்டவர்களோடு கைகோர்க்க நாம் எப்போதும் தயார்.

தோழர்களே, இந்த மலையைக் காடு வெட்டித் திருத்தியவர்கள் நம் முன்னோர். எந்தச் சரிவில் மண் பொலபொலவென்று உதிரும், எந்த ஓடை எந்த மாதத்தில் வழி மாறும் என்று அறிந்தவர்கள் நாம். இந்த மலை பிழைக்க வேண்டுமானால் அதைப் பற்றிப் பேசும் மேசையில் நாம் இருக்க வேண்டும். அதற்கான முதல் கேள்வி நாளை காலையில் பிரட்டுக்களத்தில் கேட்கப்படட்டும்.

மழைக் கணக்கு மக்களுக்கு!
பாதுகாப்பான மண் நமக்கு, உறுதி நம் பெயருக்கு!